தாடைக்கடியில் வந்து வந்து போகும் வீக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது, அது வந்து வந்து போகிறது என்று எழுதியிருந்த வாசகர் ஒருவருக்குத் தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் அளிக்கப்பட்ட பதிலைப் பற்றியது இக்கடிதம். தொண்டையிலோ பல்லிலோ கிருமித்தொற்று இருந்தால் நெறி கட்டும், மருத்துவரைக் கண்டு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளலாம் என்பது பதிலின் சாரம். அதில் பிழையென்று சொல்ல ஒன்றுமில்லை. நெறி கட்டுவது எல்லாருக்கும் நேர்வதுதான். ஆனால் ‘வந்து வந்து போகிறது’ என்று அவர் எழுதியிருந்த மூன்று சொற்களைப் பதில் தொடவேயில்லை. நெறி கட்டினால் அது நாள்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். சில நிமிடங்களில் உப்பி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துபோகிற வீக்கம் வேறு ரகம்; உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் குழாயில் கல் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வீக்கம் அது. அந்த மூன்று சொற்களோடு எட்டு மாதம் குடித்தனம் நடத்தியவன் என்பதால் இதை எழுதத் துணிகிறேன். நான் மருத்துவன் அல்லன்; இதில் உள்ள மருத்துவச் செய்திகள் எனக்குச் சிகிச்சை அளித்தவர்கள் பொறுமையாக விளக்கியவையும், பிறகு நானே தேடிப் படித்தவையும் ஆகும்.

எனக்கு அது தொடங்கியது ஒரு மதிய உணவின் முதல் கவளத்தில். வலது தாடைக்கடியில் உள்ளிருந்து யாரோ விரலால் முட்டுவதுபோல் ஓர் இறுக்கம். கைவைத்துப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. உண்டு முடிப்பதற்குள் அது இருமடங்காகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது தாடைக்கோடே ஒரு பக்கம் மறைந்திருந்தது. சிறிது நேரம் படுத்து எழுந்தால், தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எல்லாம் வடிந்து போயிருந்தது. அடுத்த பத்து நாளும் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கதை. மருத்துவரிடம் போகிற நேரமோ எப்போதும் இரண்டு வேளை உணவுக்கு நடுவில்தான் வந்து வாய்க்கிறது. அவர் தொட்டுப் பார்க்கும்போது கழுத்து பரம சாதுவாக இருக்கும்; நான் ஏதோ மிகைப்படுத்துகிறேன் என்று எனக்கே தோன்றும்.

முதலில் பார்த்தவர் நெறி என்று சொல்லி ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். மருந்து முடியும்போது வீக்கம் இல்லை. அது எப்படியும் இருந்திருக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாததால், மருந்து கேட்டதாக இருவருமே நம்பினோம். இரண்டாவது முறையும் அதுவே நடந்தது. மூன்றாவதாகப் போன இடத்தில் கடைவாய்ப் பல் ஒன்றைக் காரணமாகக் காட்டிப் பிடுங்கினார்கள். அந்தப் பல் உண்மையிலேயே சொத்தைதான், அதில் எனக்கு வழக்கில்லை. வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் பல் போன மறுவாரமே தெரிந்துவிட்டது. இவர்கள் மூவரையும் குறைசொல்லிப் பயனில்லை. ‘எப்போது வீங்குகிறது?’ என்று அவர்கள் கேட்கவில்லை, ‘சாப்பிட உட்கார்ந்தால் வீங்குகிறது’ என்று நானும் சொல்லவில்லை. வலி எங்கே என்று காட்டுவதில் இருந்த ஆர்வம் அது எப்போது என்று சொல்வதில் எனக்கு இல்லை.

கேட்டவர் நான்காவதாகப் பார்த்த ஒரு பல் மருத்துவர். விடையைக் கேட்டதும் அவர் செய்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கையுறை அணிந்த ஒரு விரலை நாக்குக்கு அடியில் வாயின் தரையில் வைத்து, மற்றொரு கையால் தாடைக்கடியை வெளியிலிருந்து மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த விரலைப் பின்னாலிருந்து முன்னால் மெதுவாக நகர்த்தினார். முன்னாலிருந்து பின்னால் தடவினால், கல் இருந்தால் அது சுரப்பியை நோக்கி உள்ளே தள்ளப்பட்டுவிடும், பிறகு எடுப்பது கடினம் என்று வேலையினூடே சொன்னார். பாதி வழியில் விரல் நின்றது. பிறகு நாக்கை உயர்த்தச் சொல்லி, அடியில் பஞ்சுத்துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, நாக்கின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, ஒரு சிறு கண்ணாடியை என் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நாக்கைத் தரையோடு பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வின் இரு பக்கமும் குண்டூசித் தலையளவில் இரண்டு மேடுகள். இடப்பக்கத்தில் ஊற்றுக்கண் திறந்ததுபோல் தெளிந்த நீர் துளித்துத் துளித்து வழிந்தது. வலப்பக்கம் வறண்டு கிடந்தது. தாடைக்கடியில் சுரப்பியை அழுத்திக் கறந்தபோதுதான் கலங்கலாக ஒரே ஒரு சொட்டு வந்தது. அறுபது ஆண்டுகளாக என் வாயில் இருக்கும் அந்த இரு துளைகளை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

இந்தக் கல் ஏன் பெரும்பாலும் தாடைக்கடியிலேயே வருகிறது என்பதற்குக் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நமக்கு மூன்று இணை: காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவையும் வாயெங்கும் பரவியிருக்கும் சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. கற்களில் 100க்கு 80க்கும் மேற்பட்டவை கீழ்த்தாடைச் சுரப்பியைச் சேர்ந்தவை. மீதியில் பெரும்பகுதி கன்னச் சுரப்பியைச் சேர்ந்தவை. நாவடிச் சுரப்பியில் வருவது அபூர்வம். கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயை 1656இல் விவரித்து எழுதியவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர்; இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் தாடைக்கடியிலிருந்து வளைந்து மேலேறி நாக்கின் முன்புறம் வந்து திறக்கிறது. அதாவது, நீர் மேட்டை நோக்கி ஓட வேண்டும்; அதிலும் இந்தச் சுரப்பியின் உமிழ்நீர் கன்னச் சுரப்பியினதைவிடக் கொழகொழப்பானது, கால்சியம் மிகுந்தது. வாயில் முடியும் துளையோ குழாயிலேயே மிகக் குறுகலான இடம். வாய்க்கால் நீளம், நீர் கனம், மடை சிறிது என்றால் வண்டல் படியத்தானே செய்யும்?

உதிர்ந்த செல்களும் சளியும் கிருமிகளும் திரண்ட ஒரு சிறு துணுக்கைச் சுற்றிக் கால்சியம் பாஸ்பேட் படலம் படலமாகப் படிந்து கல்லாகிறது. பல்லும் எலும்பும் எந்தக் கனிமத்தால் ஆனவையோ பெரும்பாலும் அதே கனிமம்தான். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஆக, பெயரில் கல் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ரத்தத்தில் கால்சியம் கூடியதால் உமிழ்நீர்க் கல் வருகிறது என்பதற்கும் பொதுவாக ஆதாரமில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு ரத்தக் கால்சியம் இயல்பாகவே இருக்கிறது. எனக்குக் கல் என்று தெரிந்த மறுநாளே உறவினர் ஒருவர் சுண்ணாம்புச் சத்துள்ள உணவுகளையெல்லாம் பட்டியலிட்டு நிறுத்தச் சொன்னார். மருத்துவர் சிரித்துவிட்டு, தண்ணீரைத்தான் கூட்டச் சொன்னார். உடலில் நீர் வற்றுவது, புகைபிடிப்பது, வாயை உலரவைக்கும் மருந்துகள் ஆகியவை உமிழ்நீரின் ஓட்டத்தைக் குறைப்பதால் கல்லுக்கு இடம் கொடுக்கின்றன. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகளும், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரைகளும் அந்த மருந்துகளில் அடங்கும். அவற்றை எடுத்துக்கொள்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது; எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லி மாற்று உண்டா என்று கேட்பதே முறை.

சோதனைகளைப் பொறுத்தவரை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கல் இல்லை என்பதாக எடுத்துக்கொள்வதுதான் நோயாளிகளைப் பெரிதும் அலைக்கழிக்கிறது. கீழ்த்தாடைச் சுரப்பிக் கற்களில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயில் தெரியக்கூடியவை என்றாலும், பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் பல்லும் தாடையெலும்பும் அவற்றை மறைத்துவிடலாம். படத்தகட்டைப் பற்களுக்கு இடையே கடித்துக்கொள்ளச் சொல்லித் தாடைக்குக் கீழிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் வாயின் தரை மறைப்பில்லாமல் விழும். கன்னச் சுரப்பிக் கற்களிலோ எக்ஸ்ரேயில் தெரியாதவை ஏராளம். வலியில்லாத, கதிர்வீச்சில்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதலில் செய்யத் தக்கது. கல் அதில் ஒரு வெண்ணிறக் கீற்றாகவும், அதன் பின்னால் கருநிழலாகவும் விழுகிறது. அடைப்புக்குப் பின்னால் குழாய் வீங்கியிருப்பதும் தெரிகிறது. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் அதற்கும் தப்பலாம். சந்தேகம் தீராதபோது எடுக்கும் சி.டி. ஸ்கேன் மிகச் சிறிய கல்லையும் காட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கற்கள் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். குழாய்க்குள் சாய மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் பழைய முறையும் உண்டு. சீழ் பிடித்திருக்கும்போது அதைச் செய்யக் கூடாது.

உண்ணும்போது வீங்குவதெல்லாம் கல் என்றும் நான் சொல்ல வரவில்லை. குழாய் சுருங்கிப்போயிருந்தாலும் அப்படி வீங்கும். குழந்தைகளுக்குக் கன்னம் வீங்கினால், அதிலும் காய்ச்சலோடு இரு பக்கமும் வீங்கினால், பொன்னுக்கு வீங்கியை முதலில் நினைக்க வேண்டும். கண்ணும் வாயும் சேர்ந்து உலர்ந்து சுரப்பிகள் வீங்கினால் அது வேறு நோய். உணவோடு தொடர்பில்லாமல், வலியும் இல்லாமல், வாரக்கணக்கில் குறையாமல் வளர்கிற கெட்டியான கட்டியையும், கட்டியோடு முகத்தின் ஒரு பக்கம் இழுபடுவதையும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடலாகாது. அங்கே ஊசியால் உறிஞ்சிச் சோதித்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகே மற்ற பேச்சு. கல்லே ஆனாலும், அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்து காய்ச்சலும் சிவப்பும் சீழும் வந்தால் உடனே மருத்துவம் வேண்டும். நாக்கு மேலே தூக்கப்பட்டு, விழுங்க முடியாமல், மூச்சு திணறினால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நேரம்.

சிறிய கல் தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு. அதற்கு உதவத்தான் நிறையத் தண்ணீர் குடிக்கவும், தாடைக்கடியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிடவும், புளிப்பு மிட்டாயைச் சப்பி உமிழ்நீரைப் பெருக்கவும் சொல்கிறார்கள். குழாய் முழுக்க அடைத்திருக்கும்போது இந்தப் புளிப்பு வைத்தியம் வலியைத்தான் பெருக்கும் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். போக வழியில்லாத நீரை மேலும் சுரக்கச் சொன்னால் சுரப்பி என்ன செய்யும்? ஆன்டிபயாடிக் கிருமியை அடக்கும், கல்லை அசைக்காது. குண்டூசியாலோ பல்குத்தும் குச்சியாலோ துளையைக் குடைபவர்களும் இருக்கிறார்களாம். துளை புண்ணாகி ஆறும்போது தழும்பேறிச் சுருங்கிவிட்டால், பிறகு கல் போனாலும் அடைப்பு போகாது. அதேபோல், உமிழ்நீர்க் கல்லைக் கரைக்கிற மருந்தென்று மெய்ப்பிக்கப்பட்டது எதுவும் இல்லை. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் கஷாயங்களை இதற்கும் பொருந்துமென்று எழுதும் குறிப்புகள் தங்கள் இதழின் இணைப்புகளிலும் அவ்வப்போது தென்படுவதால் இதைக் குறிப்பிட்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழாயின் முன்பாதியில், விரலுக்குத் தட்டுப்படும் தூரத்தில் கல் இருந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வாய் வழியாகவே எடுத்துவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். கல்லுக்குப் பின்னால் குழாயைச் சுற்றி முதலில் ஒரு நூலைக் கட்டி இழுத்துப் பிடித்தார்கள். கல் பின்வாங்கி ஓடிவிடாமல் இருக்க அந்தக் கண்ணி. பிறகு குழாயின் மேல் நீளவாக்கில் ஒரு சிறு கீறல். நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தக் குழாயைக் குறுக்கே கடந்து செல்வதால், பின்னால் போகப் போகக் கத்திக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நாக்கை அசைக்கவே அஞ்சிக் கிடந்தேன். எஃகுத் தட்டில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அதே கணத்தில் எட்டு மாதமாகத் தேங்கிய உமிழ்நீர் கெட்டியாகவும் உப்பாகவும் வாய்க்குள் பாய்ந்தது. அவ்வளவு அருவருப்பான ஒன்று அவ்வளவு சுகமாக இருக்க முடியும் என்று நினைத்ததில்லை. தாளில் மடித்துக் கொடுத்த கல் மஞ்சள் நிறத்தில், சொரசொரப்பாக, ஒரு முனை கூராக இருந்தது. அளந்து பார்த்தேன், 7 மில்லிமீட்டர். கீறிய குழாயை இறுக்கித் தைக்காமல், புதிய வாய் ஒன்று அமையும்படி அதன் விளிம்புகளை மட்டும் வாயின் தரையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

கல் பின்னால், சுரப்பியின் வாசலில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. முன்பெல்லாம் அத்தகையோருக்குச் சுரப்பியையே எடுத்துவிடுவதுதான் வழக்கமான சிகிச்சை. 1990களில் தொடங்கி, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பருமனே உள்ள எண்டோஸ்கோப்பை அந்தத் துளை வழியாகவே குழாய்க்குள் செலுத்திக் கல்லை நேரில் பார்த்து, கம்பியால் ஆன சிறு கூடையில் பிடித்து இழுக்கும் முறை வளர்ந்துவந்திருக்கிறது, சையலெண்டோஸ்கோப்பி என்கிறார்கள். கீழ்த்தாடைச் சுரப்பியில் சுமார் 4 மில்லிமீட்டர் வரையும், கன்னச் சுரப்பியில் 3 மில்லிமீட்டர் வரையும் உள்ள, குழாயில் ஒட்டிக்கொள்ளாத கற்கள் இதற்குத் தோதானவை. அதைவிடப் பெரியவற்றை லேசர் கொண்டு உள்ளேயே உடைத்து எடுப்பதுண்டு. எண்டோஸ்கோப்பின் ஒளியை அடையாளமாக வைத்துக்கொண்டு சிறு கீறல் வழியாக எடுப்பதும் உண்டு. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பதுபோல் இதையும் உடைக்கும் கருவிகள் சில இடங்களில் இருக்கின்றன.

கல் போன பிறகு, நெடுநாள் அடைபட்டுக் கிடந்த சுரப்பியும் பல வேளைகளில் மெல்ல மீண்டு சுரக்கத் தொடங்குகிறது என்பதே இம்முறைகளுக்கெல்லாம் அடிப்படை. ‘கெட்டுப்போன சுரப்பி, எடுத்துவிடலாம்’ என்று சொல்லப்படும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. சுரப்பியை எடுக்கும் அறுவை தவறானது என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சீழ் பிடித்து, சுரப்பி முழுதும் தழும்பாகி, மற்ற வழிகள் பலிக்காதபோது அதுதான் வழி. ஒரு சுரப்பி போனால் மற்றவை ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் கீழுதட்டின் ஓரத்தை அசைக்கும் நரம்பும், நாக்கின் உணர்ச்சிக்கும் அசைவுக்குமான நரம்புகளும் அந்தக் கீறலுக்கு அருகிலேயே செல்கின்றன. கன்னச் சுரப்பியிலோ முக நரம்பே சுரப்பியின் ஊடாகப் போகிறது. ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், கல் எந்த இடத்தில் எந்த அளவில் இருக்கிறது, சுரப்பியைக் காப்பாற்றிக் கல்லை மட்டும் எடுக்க வழியுண்டா, அந்த வசதி இங்கே இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிப்பதில்லை.

எனவே, அந்த வாசகருக்கு ஒரு துணைப் பதிலைத் தங்கள் மருத்துவப் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். அது வரும்வரை அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை சாப்பிடும்போது வீக்கம் எழுந்தால் கையைக் கழுவிக்கொண்டு, உடனே கைப்பேசியில் முன்னாலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்; ஒரு மணி நேரம் கழித்து, வடிந்த பிறகு அதே கோணத்தில் இன்னும் இரண்டு. நான்கு படங்களோடும், எத்தனை மணிக்கு உண்ண உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு வடிந்தது என்ற குறிப்போடும் ஒரு பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போகட்டும். போகும்போது மறக்காமல், நாக்குக்கு அடியில் விரல் வைத்துப் பார்க்கும்படி அவரே கேட்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்